ஜாரின் சீருடைக்குள் ஒரு போலந்துக்காரர்

கேள்வி இது: "19ஆம் நூற்றாண்டில் நிறைய போலந்துக்காரர்கள் ரஷ்யப் பேரரசின் ராணுவத்தில் அதிகாரிகளாக இருந்திருக்கிறார்களே, தங்கள் நாட்டை விழுங்கியவனிடமே எப்படிச் சம்பளம் வாங்கினார்கள்? அது துரோகம் இல்லையா?"

துரோகமா இல்லையா என்று பொதுவாகத் தீர்ப்புச் சொல்வதில் எனக்கு ஆர்வம் இல்லை. ஒரே ஒரு ஆளைப் பார்ப்போம். பெயர் ப்ரோனிஸ்வாவ் கிரோம்ப்செவ்ஸ்கி. 1855இல் இன்றைய லித்துவேனியாவில் உள்ள கௌனஸ் பகுதியில் ஒரு போலந்துப் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். 1926இல் வார்சாவில் இறந்தார். நடுவில் உள்ள 71 வருடங்களில் அவர் போகாத இடம் குறைவு: பாமீர், ஹுன்ஸா, காஷ்கர், திபெத்தின் ஓரம், அமூர் நதிக்கரை, அஸ்திரகான். இவரைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. 1889இல் இந்திய எல்லைக்கு வடக்கே, மனித வாடையே இல்லாத ஒரு பள்ளத்தாக்கில், பிரிட்டிஷ் இந்திய அரசு அனுப்பிய ஓர் இளம் கேப்டனும் இவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பின்னணி, சுருக்கமாக. 1772, 1793, 1795 என்று மூன்று தவணையில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் போலந்தைப் பங்கு போட்டுக்கொண்டன. 1795இலிருந்து 1918 வரை, 123 வருடம், போலந்து என்ற பெயரில் சுதந்திர நாடே கிடையாது. ஆகவே அந்தக் காலத்தில் ராணுவ வேலைக்குப் போக நினைக்கும் போலந்து இளைஞனுக்கு இருந்த கேள்வி "எந்த அந்நிய ராணுவம்" என்பதுதான். ஆஸ்திரிய ராணுவம் கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுத்தது. 1860களின் கடைசியில் ஆஸ்திரியாவின் பங்கான கலீசியா மாகாணத்துக்குத் தன்னாட்சி கிடைத்த பிறகு அங்கே போலந்துக்காரன் போலந்துக்காரனாகவே இருந்து ஜெனரல் வரை போக முடிந்தது. ரஷ்யாவில் நிலைமை வேறு.

1863 ஜனவரியில் ரஷ்யாவுக்கு எதிராகப் போலந்தில் பெரிய கிளர்ச்சி வெடித்தது. ஒன்றரை வருடத்தில் அடக்கிவிட்டார்கள். கிளர்ச்சியின் கடைசித் தலைவர் ரோமுவால்ட் ட்ராவ்குட் யார் தெரியுமா? ரஷ்ய ராணுவத்தில் லெப்டினன்ட் கர்னலாக இருந்து ஓய்வு பெற்றவர். கிரிமியப் போரில் ரஷ்யப் பேரரசர் ஜாருக்காகச் சண்டை போட்டவர். 1864 ஆகஸ்டில் வார்சா கோட்டை அருகே அவரைத் தூக்கில் போட்டார்கள். இதற்கப்புறம் ரஷ்ய ராணுவத் தலைமைக்குப் போலந்து அதிகாரி என்றாலே சந்தேகம்தான். அந்தச் சந்தேகத்தைச் சட்டமாகவும் ரகசிய உத்தரவாகவும் எழுதி வைத்தார்கள். அவர்கள் பார்த்தது இனத்தை இல்லை, மதத்தை. ரஷ்யன் என்றால் ஆர்த்தடாக்ஸ், போலந்துக்காரன் என்றால் கத்தோலிக்கன் என்பது கணக்கு. ஒரு படைப்பிரிவில் கத்தோலிக்க அதிகாரிகள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. பொதுப் பணியாளர் கல்லூரியின், அதாவது மேல்மட்டத் தளபதிகளை உருவாக்கும் பள்ளியின், கதவு அவர்களுக்குச் சாத்தப்பட்டது. ஆர்த்தடாக்ஸ் அதிகாரி ஒருவர் கத்தோலிக்கப் போலந்துப் பெண்ணைக் கல்யாணம் செய்தால் அவருக்கும் சில பதவிகள் எட்டாது. பின்னாளில் ரஷ்ய ஜெனரலாகி, 1918க்குப் பிறகு போலந்துப் படைக்கும் தளபதியான டோவ்போர்-முஷ்நிட்ஸ்கி அந்தக் கல்லூரியில் சேர்வதற்காகப் புராட்டஸ்டன்ட் பிரிவான கால்வினிய சபைக்கு மாறினார். கால்வினியம் பற்றி ஜாருக்குக் கவலை இல்லை, கத்தோலிக்கம்தான் உறுத்தல்.

இப்போது கிரோம்ப்செவ்ஸ்கிக்கு வருவோம். 1863இல் அவருக்கு எட்டு வயது. அப்பா லுட்விக் கிளர்ச்சியில் சேர்ந்தார். பிடித்து சைபீரியாவுக்கு நாடு கடத்தினார்கள், நிலத்தைப் பறிமுதல் செய்தார்கள். அம்மா பிள்ளைகளோடு வார்சாவுக்கு வந்து சேர்ந்தார். அந்தப் பையன் 1873இல், பதினெட்டு வயதில், ரஷ்ய ராணுவத்தில் சேர்கிறான்.

இங்கேதான் நம் ஆட்களுக்குச் சட்டென்று கோபம் வரும். அப்பனைச் சைபீரியாவுக்கு அனுப்பியவனுக்குச் சல்யூட்டா? நியாயமான கோபம். ஆனால் அந்தப் பையன் இடத்தில் நின்று பாருங்கள். பிரபு வம்சம், ஆனால் ஒரு காணி நிலம் இல்லை. வணிகம் தெரியாது. போலந்தில் அரசு வேலை என்றால் ரஷ்யர்களுக்குத்தான் முதலிடம். கிளர்ச்சிக்காரன் மகன் என்ற முத்திரை வேறு. அதோடு 1874இல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்துவிட்டது. சாதாரணச் சிப்பாயாகப் போனால் ஆறு வருடம் படையில் இருக்க வேண்டும். போலந்துப் பையன்களை வீட்டுக்குப் பக்கத்தில் விட மாட்டார்கள், தூரத்து மூலைக்குத்தான் அனுப்புவார்கள். எப்படியும் தொப்பி போடத்தான் வேண்டும் என்றால் அதிகாரியின் தொப்பியாகப் போட்டுக்கொள்வோம் என்று நினைத்த குடும்பங்கள் ஏராளம்.

அவர் செய்த புத்திசாலித்தனம் அடுத்தது. வார்சாவில் காவல்படை ரெஜிமென்ட் ஒன்றில் இருந்தவர், சில வருடங்களிலேயே தானாகக் கேட்டு துருக்கிஸ்தானுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். இப்போதைய உஸ்பெகிஸ்தான், கிர்கிஸ்தான் பக்கம். நம் ஊரில் தண்டனை மாற்றல் என்று சொல்வோமே, பீட்டர்ஸ்பர்க்காரர்களுக்கு அந்த ஊர் அப்படித்தான். வெயில், புழுதி, காய்ச்சல், பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. ஆனால் போலந்துக்காரனுக்கு அங்கே ஒரு வசதி உண்டு. எல்லையில் ஆள் பற்றாக்குறை. உள்ளூர் மொழி தெரிந்தவன், மலை ஏறுகிறவன், கணக்கு எழுதத் தெரிந்தவன் கிடைத்தால் அவன் எந்தக் கோயிலுக்குப் போகிறான் என்று அங்கே யாரும் அவ்வளவாகத் துருவுவதில்லை. பேரரசின் நடுவில் அடைபட்ட கதவு அதன் விளிம்பில் திறந்து கிடந்தது.

அவர் போய்ச் சேர்ந்த நேரமும் அப்படி. 1876இல் ரஷ்யா அங்கிருந்த கோகந்த் கானேட்டை, அதாவது ஒரு கான் ஆண்ட அரசை, கலைத்து ஃபெர்கானா மாகாணம் என்று தன்னோடு சேர்த்துக்கொண்டது. அங்கே கவர்னராக இருந்தவர் ஜெனரல் ஸ்கோபெலேவ், வெள்ளைச் சீருடையும் வெள்ளைக் குதிரையுமாகப் போருக்குப் போகும் ஆள். அவருடைய அலாய் மலைப் படையெடுப்பில் இளம் கிரோம்ப்செவ்ஸ்கி இருந்தார். துப்பாக்கியை விட அவருக்குக் கைகொடுத்தது காது. துருக்கி மொழிப் பேச்சையும் பாரசீகத்தையும் பிடித்துக்கொண்டார். பிறகு சண்டைப் படையிலிருந்து நிர்வாகத்துக்கு மாறி, ஃபெர்கானாவில் எல்லை விவகாரங்களைப் பார்க்கும் அதிகாரி ஆனார். எல்லை விவகாரம் என்றால் வரி, மேய்ச்சல் தகராறு, ஓடிப்போன குற்றவாளி, அதோடு ஊருக்குத் தெரிந்த ரகசியமாக உளவு. 1885இல் சீனாவின் கையில் இருந்த காஷ்கருக்குப் போய் வந்தார். வரைபடம், உயர அளவு, தாவரம், பூச்சி எல்லாம் சேகரித்தார். ரஷ்யப் புவியியல் கழகம் பதக்கம் கொடுத்தது. அந்தக் காலத்தில் புவியியல் கழகமும் போர் அமைச்சகமும் ஒரே வீட்டின் இரண்டு திண்ணைகள். பிரிட்டிஷ்காரர்களிடமும் கதை அதேதான்.

1888இல் அவர் செய்த காரியம்தான் கல்கத்தா வரை அலற வைத்தது. பாமீரைத் தாண்டி, இந்துகுஷ் கணவாய் ஏறி, நேராக ஹுன்ஸாவில் போய் இறங்கினார். இன்று பாகிஸ்தான் வசம் உள்ள கில்கித் பகுதியில், காரகோரம் மடிப்புக்குள் ஒளிந்திருந்த ஒரு குட்டி ராஜ்யம் அது. அதன் மீர், அதாவது அரசன், சஃப்தர் அலி, இரண்டு வருடம் முன்னால் தகப்பனைக் கொன்று பட்டத்துக்கு வந்தவன். அவன் ஆட்களின் வருமானம், லடாக்கிலிருந்து யார்க்கண்ட் போகும் வியாபாரக் கூட்டங்களைக் கொள்ளையடிப்பது. இப்படிப்பட்ட ஒருவன் ரஷ்ய அதிகாரிக்கு விருந்து வைத்தான் என்ற செய்தி கிடைத்ததும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்குத் தூக்கம் போய்விட்டது. 1889இல் கில்கித்தில் மறுபடி அரசியல் ஏஜென்சி திறந்தார்கள். 1891 கடைசியில் படையோடு ஹுன்ஸாவைப் பிடித்தார்கள், சஃப்தர் அலி சீனப் பக்கம் ஓடினான். ஒரு போலந்துக்காரரும் கைவிரலில் எண்ணும் அளவு கோசாக் குதிரைவீரர்களும் போய் வந்ததற்கு இவ்வளவு விளைவு.

1889இல் மறுபடி கிளம்பினார். ஏழு கோசாக் வீரர்கள், கான்ராட் என்ற ஜெர்மானியப் பூச்சியியல் சேகரிப்பாளர், பணியாட்கள், குதிரைகள். உண்மையில் போக நினைத்தது ஆப்கன் பக்கத்து மலைநாடான காஃபிரிஸ்தானுக்கு. ஆப்கன் அமீரின் ஆட்கள் வழி விடவில்லை. ஆகவே கிழக்கே திரும்பி, யார்க்கண்ட் ஆற்றின் மேற்பகுதியில் ராஸ்கம் பள்ளத்தாக்குக்கு வந்தார். அதே நேரத்தில் ஹுன்ஸா கொள்ளையர்கள் எந்தக் கணவாய் வழியாக வருகிறார்கள் என்று பார்த்துவர இந்திய அரசு ஒரு கேப்டனை லடாக்கின் லே நகர் வழியாக அனுப்பியிருந்தது. பெயர் ஃபிரான்சிஸ் யங்ஹஸ்பண்ட், வயது 26. பதினைந்து வருடம் கழித்து லாசாவுக்குள் படையோடு நுழைந்த அதே ஆள். கூடவே ஆறு கூர்க்காக்கள். ஒரு ரஷ்ய அதிகாரி பக்கத்தில் கூடாரம் அடித்திருக்கிறார், உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று கடிதம் வந்து சேர்ந்தது.

காயான் அக்சாய் என்ற இடம். அக்டோபர் மாதக் குளிர். யங்ஹஸ்பண்ட் குதிரையில் போய் இறங்கினார். ரஷ்யச் சீருடையில், தாடியோடு, ஆறடிக்கு மேல் உயரமான ஒருவர் கூடாரத்திலிருந்து வெளியே வந்து கை கொடுத்தார். அன்று இரவு விருந்து கிரோம்ப்செவ்ஸ்கியுடையது. சாப்பாடும் கனம், வோட்காவும் தாராளம். மறுநாள் யங்ஹஸ்பண்ட் முறை, பிராந்தி. பேச்சு எங்கே போகும்? இந்தியாவுக்குத்தான். ரஷ்ய ராணுவத்தில் யாரைக் கேட்டாலும் இந்தியா மீது படையெடுப்பதைப் பற்றியே பேசுகிறார்கள் என்று சொன்ன கிரோம்ப்செவ்ஸ்கி, அதைக் காட்டுவதற்காகக் கோசாக்குகளைக் கூப்பிட்டு "இந்தியாவுக்குப் போகலாமா?" என்று கேட்டார். அவர்கள் உற்சாகமாகக் கூச்சல் போட்டார்கள். இவ்வளவு தூரம் படைக்குத் தீனி எப்படிக் கொண்டுவருவீர்கள் என்று யங்ஹஸ்பண்ட் மடக்கினார். ரஷ்யச் சிப்பாய் தளபதியை அப்பன் மாதிரி நினைப்பவன், சோறு தண்ணீர் இல்லை என்றாலும் விழும் வரை நடப்பான் என்பது பதில்.

"ரஷ்யச் சிப்பாய்" என்று அவ்வளவு பெருமையாகப் பேசியவர் போலந்துக்காரர், சைபீரியக் கைதியின் மகன். யங்ஹஸ்பண்டுக்கு அவர் பிறப்பால் போலந்துக்காரர் என்பது தெரிந்தே இருந்தது, எழுதியும் வைத்திருக்கிறார். எதிரில் இருந்த ஆறு கூர்க்காக்களும் நேபாளிகள், லண்டன் ராணிக்காக நடந்தவர்கள். அந்தக் குளிரில் இரண்டு பேரரசுகள் சந்தித்தன என்று புத்தகங்கள் எழுதும். கூடாரத்தைச் சுற்றி இருந்தவர்களை எண்ணிப் பார்த்தால் போலந்துக்காரர், ஜெர்மானியர், கோசாக்குகள், நேபாளிகள், கிர்கிஸ்கள். தன் சொந்த நாட்டு அரசுக்காக வந்தவர் என்று ஐயமில்லாமல் சொல்ல யங்ஹஸ்பண்ட் ஒருவர்தான் தேறுகிறார். அவரும் பிறந்தது இன்றைய பாகிஸ்தானில் உள்ள முர்ரீ மலையில்.

அங்கே நடந்த ஒரு சின்ன வேடிக்கை எனக்கு மிகவும் பிடிக்கும். கூர்க்காக்கள் அணிவகுத்துத் துப்பாக்கிப் பயிற்சி செய்து காட்டினார்கள். இந்தியப் படை என்றால் ஒழுங்கில்லாத கூட்டம் என்று நினைத்திருந்த கிரோம்ப்செவ்ஸ்கி அசந்துபோனார். அவருடைய உயரத்தைப் பார்த்த கூர்க்கா ஹவில்தாருக்குக் கௌரவப் பிரச்சினை வந்துவிட்டது. யங்ஹஸ்பண்ட் காதில் போய், "நாங்கள்தான் குள்ளம், ரெஜிமென்டில் மற்றவர்கள் எல்லாம் இவரை விட உயரம் என்று சொல்லுங்கள் சாகிப்" என்றாராம். யங்ஹஸ்பண்ட் சிரித்துக்கொண்டே அந்தப் புளுகை அப்படியே கிரோம்ப்செவ்ஸ்கியிடம் போட்டுக் கொடுத்துவிட்டார். இரண்டு தரப்பும் சேர்ந்து ஒரு புகைப்படமும் எடுத்துக்கொண்டார்கள். பிரியும்போது கூர்க்காக்கள் துப்பாக்கி உயர்த்தி மரியாதை செய்தார்கள்.

அதன் பிறகு நடந்தது அவ்வளவு அழகில்லை. குளிர்காலத்தில் லடாக்குக்கு இறங்கலாம் என்று கிரோம்ப்செவ்ஸ்கிக்கு எண்ணம். காஷ்மீரில் இருந்த பிரிட்டிஷ் ரெசிடென்ட் அனுமதி மறுத்தார். இதற்கிடையே யங்ஹஸ்பண்ட், கிர்கிஸ் ஆட்களைப் பிடித்து, இவருக்கு ஒரு வழியைக் காட்டிவிடும்படி ஏற்பாடு செய்திருந்தார். ராணுவ ரீதியில் எந்தப் பயனும் இல்லாத, புல்லும் விறகும் ஊரும் இல்லாத, 17,000 அடிக்கு மேல் திபெத் எல்லையை ஒட்டிய பாழ் மேட்டுநிலம். பெரும் கஷ்டமும் நஷ்டமும் தவிர அங்கே எதுவும் கிடைக்காது என்று தெரிந்தேதான் செய்தார், மேலிடத்துக்கு ரகசியமாக எழுதியும் விட்டார். இரண்டு நாள் முன்னால் ஒரே கூடாரத்தில் உண்டவர்கள்! உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைக்காதே என்று சொல்லி வளர்ந்த நமக்கு இது தொண்டையில் சிக்கும். யங்ஹஸ்பண்டைக் கேட்டால் கடமை என்பார்.

கிரோம்ப்செவ்ஸ்கி அந்த மேட்டில் குதிரைகளை எல்லாம் இழந்தார். ஆட்களுக்குக் கை கால் பனியில் உறைந்தது. உயிரோடு தப்பி வந்ததே பெரிது. அடுத்த வருடம், 1890இல், யார்க்கண்டில் இருவரும் திரும்பச் சந்தித்தார்கள். கிரோம்ப்செவ்ஸ்கி பட்ட பாட்டை எல்லாம் சொன்னார். எதிரில் இருப்பவர் கைங்கரியம் அது என்று தெரியாமலேயே சொன்னாரா, தெரிந்து விட்டுவிட்டாரா, அதை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். நட்பு முறியவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

அடுத்த வருடங்களில் பாமீர் போட்டி சூடு பிடித்து, 1895இல் எல்லைக் கமிஷன் போட்டு இரண்டு பேரரசும் கோடு கிழித்துக்கொண்டன. வக்கான் என்ற ஒல்லியான வால் ஆப்கானிஸ்தானுக்கு முளைத்தது அப்போதுதான். கிரோம்ப்செவ்ஸ்கி அந்தக் காலத்தில் ஓஷ் மாவட்டத்தின் தலைமை அதிகாரி, நம் கலெக்டர் மாதிரி. அங்கே அவர் காலத்திலேயே, 1895இல், அலாய் மலைக் கிர்கிஸ்களின் தலைவி குர்மன்ஜான் தாத்காவின் மகனை ரஷ்ய அரசு ஓஷ் நகரில் தூக்கில் போட்டது. 1876இல் ஸ்கோபெலேவ் வந்தபோது வீண் ரத்தம் வேண்டாம் என்று ரஷ்யாவோடு சமாதானமாகப் போன பெண்மணி அவர். 83, 84 வயதில் மகன் தூக்குமேடை ஏறுவதைப் பார்த்தார். நான் இந்த அத்தியாயத்தில்தான் கிரோம்ப்செவ்ஸ்கியைச் சந்தேகத்தோடு பார்க்கிறேன். வரைபடம் போடுவது, மலை ஏறுவது எல்லாம் சாகசம். ஒரு தோற்ற இனத்தின் நடுவில் வென்றவனின் அதிகாரியாக உட்காருவது வேறு. எட்டு வயதில் இவருக்குத் தன் வீட்டு வாசலில் ஒரு ரஷ்ய அதிகாரி எப்படித் தெரிந்திருப்பாரோ, அப்படித்தான் இவர் ஓஷ் மக்களுக்குத் தெரிந்திருப்பார்.

மிச்ச உத்தியோகம் வேகமாக: அமூர் எல்லை ஆணையர், பிறகு சீனக் கடற்கரையில் போர்ட் ஆர்தர் துறைமுகம் இருந்த குவான்டுங் பகுதியில் சிவில் நிர்வாகம், 1903இல் அஸ்திரகான் கவர்னர். கவர்னர் பதவியோடு அஸ்திரகான் கோசாக்குகளின் அட்டமான், அதாவது தலைவர், பட்டமும் சேர்ந்தது. லெப்டினன்ட் ஜெனரல் வரை போனார். 1863 கிளர்ச்சிக்காரன் மகனுக்கு இது வானளாவிய உயரம். ஆனால் பதவிகள் இருந்த திசையைக் கவனியுங்கள். மத்திய ஆசியா, தூரக் கிழக்கு, வோல்கா முகத்துவாரம். பிறந்த மண்ணுக்குப் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. போலந்தை ஆள ஒரு போலந்துக்காரனை ஜார் அனுப்புவதாக இல்லை.

செஞ்சோற்றுக் கடன் என்று சொல்லி இதை முடித்துவிடலாமா? கர்ணனுக்குக்கூடக் கொடுத்தவன் ஒருவன், பிறப்பு தெரியாமல் போனது ஒரு காரணம். இவருக்குத் தன் பிறப்பு நன்றாகத் தெரியும், சோறு போட்டவனே வயலையும் பிடுங்கியவன். ஆகவே அந்தச் சொல் பொருந்தவில்லை. என் கணிப்பு இது: அவர் ஜாரை நேசிக்கவும் இல்லை, மனதுக்குள் கிளர்ச்சிக்காரனாக ஒளிந்திருக்கவும் இல்லை. அவர் விசுவாசம் வேலைக்கு, கூட வந்த ஆட்களுக்கு, சீருடையின் கௌரவத்துக்கு. நாடு என்ற இடம் காலியாக இருந்தது, அந்த இடத்தில் வேலை வந்து உட்கார்ந்துகொண்டது. துரோகம் செய்ய ஒரு நாடு இருக்க வேண்டும் என்று வாதாட முடியும். ட்ராவ்குட் இந்த வாதத்தை ஒத்துக்கொண்டிருக்க மாட்டார், அதுவும் உண்மை.

1917 ரஷ்யப் புரட்சியில் அந்தச் சீருடையே இல்லாமல் போயிற்று. போல்ஷெவிக்குகள் அவருடைய சொத்தைப் பறித்தார்கள், சைபீரியாவில் சிறையில் போட்டார்கள். அப்பாவுக்கு ஜார் காலத்தில் நடந்ததே மகனுக்கு ஜார் போன பிறகு. அறுபது வயதைத் தாண்டிய மனிதர் அங்கிருந்து தப்பி, ஜப்பான் வழியாக, புதிதாகப் பிறந்திருந்த போலந்துக்கு வந்து சேர்ந்தார். கையில் காசு இல்லை, உடம்பிலும் தெம்பில்லை. அதன் பிறகு வார்சாவில் தன் பயணங்களை வரிசையாகப் போலந்து மொழியில் எழுதினார். கடைசி நினைவு நூலுக்கு அவர் வைத்த பெயர் "ரஷ்யச் சேவையில்". 1926இல், அவர் இறந்த வருடம், அச்சானது.

அதற்கு முந்தைய வருடம் லண்டனில் சர் ஃபிரான்சிஸ் யங்ஹஸ்பண்டுக்கு ஒரு பொட்டலம் வந்தது. யார்க்கண்டில் பிரிந்து 35 வருடம். உள்ளே பயண நூல் ஒன்றும் ஒரு கடிதமும் இருந்தன. ஜெனரலானது, எல்லாம் போனது, சிறை, ஜப்பான், இப்போது படுத்த படுக்கை என்று அதில் எழுதியிருந்தது. அனுப்பியவர் பெயர் கிரோம்ப்செவ்ஸ்கி.